நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு ஒரு தூண்டில்



ஈச்சிலம்பற்றுக்காரர் மீன்பிடிக்க மலைக்குப் போவதென்றால் ஊர் சிரிக்கும். கிழக்கே கடல், பக்கத்தில் வெருகலாறு. வலைக்கு இங்கே என்ன குறை? ஆயினும் நம்மூர் இளைஞர் சிலர் நுவரெலியா கிரகறி வாவிக்குப் போகத் திட்டமிடுகின்றனர்.

திட்டத்தில் முதலிடம் தூண்டிலுக்கன்று, அனுமதிக்கு. அடுத்தது கம்பளிக்கு, வாவி 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. மூன்றாவது வரலாற்றுக்கு. அது இயற்கை வாவியன்று. ஆளுநர் வில்லியம் கிரகறி காலத்தில், 1873இல் உருவானது. அம்மலை நீரில் வாழும் ட்ரவுட் மீனும் 1880களில் ஆங்கிலேயர் முட்டையாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே.

மீன்பிடித்தல் நெய்தல் தொழில். ஆனால் கருப்பொருள் திணை மயங்குவதற்குத் தொல்காப்பியர் இடம் வைத்தார். மலையகத்தில் மயங்கியவை வாவியும் மீனும் மட்டுமல்ல. தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுந்தான். மீனுக்குக் குஞ்சு பொரிக்க நிலையம் கட்டினார்கள். மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குடியுரிமை கிடைத்தது.

ஆகவே, பிள்ளைகளே, தூண்டில் போடுமுன் கரையில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். 2006இல் ஊரைவிட்டுப் பெயர்ந்த நமக்கு அவர் பேச்சு நன்றாக விளங்கும்.