குடலைக் காக்கும் வேலி

உண்ட உணவு உடலுக்குள் சென்றுவிட்டது என்பது உலக வழக்கு. உடற்றொழிலியல் அறிஞர் அவ்வாறு கொள்வதில்லை. உணவு குடற்குழாயினுள் இருக்குமளவும் உடலுக்குப் புறம்பாகவே இருக்கிறது; குடற்சுவரைக் கடந்து குருதியிற் கலக்கும்போதே அது உடலுக்குள் புகுகிறது.

அந்த எல்லையிலே வேலியாய் நிற்பது ஒற்றை வரிசைக் கலங்களாலான மேலணி. அதன் ஒரு புறத்திற் கோடானுகோடி பற்றீரியாக்கள். மறு புறத்தில் அவற்றை எதிர்க்க விழித்திருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள். மேலணியைச் சீதப்படலம் போர்த்திருக்கிறது. கலங்களுக்கிடையேயுள்ள சந்துகளை இறுக்கமான பொருத்துக்கள் அடைத்திருக்கின்றன. இவற்றின் அமைப்பை 1963ஆம் ஆண்டில் பார்க்குவார், பலாடே என்னும் அறிஞர் இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு விளக்கினர். இப்பொருத்துக்கள் சீமெந்துப் பூச்சைப்போல் அசைவற்றவையல்ல. தளரவும் இறுகவும் வல்லவை.

அவற்றைத் தளர்த்துபவை யாவை? கிருமி உட்புகுந்ததும் நிர்ப்பீடனக் கலங்கள் சில புரதங்களைத் தூதாக அனுப்புகின்றன. அழற்சியை மூட்டிப் படை திரட்டுவது அத்தூதின் நோக்கம். இன்ரபெரோன் காமா அவற்றுள் ஒன்று. கட்டி நசிவுக் காரணி மற்றொன்று. இன்ரபெரோன் காமா குடற் கலப்படையின் காப்பை நேரே தளர்த்துகிறதென்று 1989ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்திற் காட்டப்பட்டது. கட்டி நசிவுக் காரணியோ, கலத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள நுண்ணிழை வளையத்தைச் சுருக்குப்பையின் கயிறுபோல் இழுக்கச் செய்கிறது, பொருத்து நெகிழ்கிறது.

இந்நெகிழ்ச்சி சிறிது நேரமாயின் தீங்கில்லை. அது நீடித்தால், உப்பும் நீரும் குடலுக்குட் கசிந்து வயிற்றோட்டம் உண்டாகிறது. பற்றீரியப் பொருள்கள் உட்புகுகின்றன. அவற்றைக் கண்ட காவற் கலங்கள் மேலும் தூதுகளை அனுப்புகின்றன. வேலி மேலும் தளர்கிறது. வேலியைக் காக்க வந்தவையே வேலியைப் பிரிக்கும் இந்தச் சுழலைக் கிரோன் நோயிற் காணலாம்.

சுழலைத் தணிக்கும் தூதுகளும் உடலில் உண்டு. இன்ரலூக்கின் 10 அத்தகையது. அதனை ஆக்கவியலாத எலிகளுக்குக் குடலழற்சி உண்டாவதை 1993ஆம் ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளர் கண்டனர். மூட்டுதலும் தணித்தலும் ஒத்திருப்பதே நலம் என்பது இதனாற் புலனாயிற்று.

1998ஆம் ஆண்டில், கட்டி நசிவுக் காரணியைப் பற்றி முடக்கும் பிறபொருளெதிரியாகிய இன்பிளிக்சிமாப், கிரோன் நோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்குப் புண் ஆறியது. குடலின் காப்பும் மீண்டது. ஆனால் அதே காரணிதான் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும். மருந்து பெற்றோர் சிலரிடம் காசநோய் தலைதூக்கியமை 2001ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆதலின், குடலுக்கு இம்மருந்தை ஏற்றுமுன் மருத்துவர் நோயாளியின் நெஞ்சைப் படம்பிடித்து, காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதிக்கின்றனர். குடலிலே தீங்கு செய்யும் காவலன், நெஞ்சிலே இன்னும் காவலனாகவே நிற்கிறான்.