பூம்புகார் கடலுக்குள்ள ரோபோ என்ன பார்க்குது? தேவாலா ஐடி விங் கூட்டப் பேச்சு

(தேவாலா பகுதி ஐடி விங் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)



நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம குரூப்ல ஒரு படம் சுத்திக்கிட்டு இருக்கு. பளிங்கு மாதிரி நீலக் கடல், அடியில முழுசா ஒரு கோபுரம், படிக்கட்டு, பக்கத்துல மீன். "15,000 வருஷப் பூம்புகார் கிடைச்சாச்சு, தமிழன்னா ஷேர் பண்ணு." அது ஏஐ போட்ட படம். கண்டுபிடிக்க பெரிய அறிவு வேண்டாம். காவிரி வண்டல் கொண்டுவந்து கொட்டுற கடல் அது. அங்க தண்ணி அப்படி நீலமா, கண்ணாடியா இருக்காது.

உண்மையில அங்க என்ன இருக்கு? கரையில, கீழையூர்ல, செங்கல் படகுத்துறை தோண்டி எடுத்திருக்காங்க. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகுது அதோட காலம். பக்கத்துல வானகிரியில, அலை வந்து போற இடத்துலயே உறைகிணறும் செங்கல் கட்டுமானமும் கிடைச்சது. அதாவது ஊரோட ஒரு பகுதியைக் கடல் தின்னிருக்கு. இது சந்தேகமே இல்லாத சங்கதி.

அடுத்தது கடலுக்குள்ள. கோவாவில் இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனம், எஸ்.ஆர். ராவ் தலைமையில, நம்ம மாநிலத் தொல்லியல் துறையோட சேர்ந்து அங்க தேடுச்சு. 1991ல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்துல, லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு அமைப்பை சோனார் காட்டுச்சு. டைவர்கள் இறங்கினாங்க, 1993ல் மறுபடியும் பார்த்தாங்க. சுற்றளவு 85 மீட்டர், உயரம் 2 மீட்டர் வரைக்கும். மனுஷன் கட்டினதா, இயற்கையா அமைஞ்ச பாறையா? 30 வருஷம் தாண்டியும் அறிஞர்கள் நடுவுல முடிவாகல.

ஏன் முடிவாகலன்னா, பார்க்கவே முடியல. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈசி. நாடுகாணி வளைவுல மூடுபனி இறங்கும்போது ஹை பீம் போட்டா என்ன ஆகும்? வெளிச்சம் பனியில பட்டுத் திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். முன்னாடி பஸ் நிக்கிறதே தெரியாது. கலங்கின கடல்ல டைவரோட கேமரா லைட்டுக்கும் அதே கதிதான். பனியில நாம என்ன பண்றோம்? ஹாரன் அடிக்கிறோம். கடல்லயும் அதேதான், வெளிச்சத்தை விட்டுட்டு சத்தத்தை அனுப்பறாங்க.

தண்ணியில சத்தம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 23 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில நூத்துல மூணு பங்கு நேரம்தான். படகு பின்னாடி இழுத்துட்டுப் போற சைடு ஸ்கேன் சோனார், ரெண்டு பக்கமும் ஒலியை வீசி, திரும்பி வர்றதைக் கோடு கோடாப் படமாக்கும். மேடான பொருளுக்குப் பின்னாடி நிழல் விழும். அந்த நிழலோட நீளத்தை வச்சு உயரத்தைக் கணக்குப் போடலாம். மல்டிபீம் எக்கோ சவுண்டர் ஆழத்தைக் கட்டம் கட்டமா அளக்கும். சப்-பாட்டம் ப்ரொஃபைலர்னு ஒண்ணு, குறைந்த அதிர்வெண் ஒலியை வண்டலுக்குள்ளயே இறக்கி, புதைஞ்சு கிடக்கிறதைக் காட்டும். பூம்புகாருக்கு முக்கியமானது இதுதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னா அங்க பாதிக் கதை மண்ணுக்கடியில.

சந்தேகமான இடம் கிடைச்ச பிறகுதான் ரோபோ இறங்கும். ஆர்ஓவின்னு சொல்லுவாங்க, படகோட கேபிள்ல கட்டின ரோபோ. மனுஷன் 23 மீட்டர்ல கொஞ்ச நேரம்தான் நிக்க முடியும், அது மணிக்கணக்கா நிக்கும். ஒரே கல்லை நூறு கோணத்துல, ஒண்ணு மேல ஒண்ணு படியிற மாதிரி எடுத்தா, கம்ப்யூட்டர் அதை 3டி மாடலாக் கோத்துடும். ஜிபிஎஸ் சிக்னல் தண்ணிக்குள்ள போகாது, அதனால ரோபோ நிக்கிற இடத்தையும் ஒலியாலதான் குறிக்கணும். கருங்கடல்ல இப்படித்தான் 2 கிலோமீட்டருக்கும் கீழ 2,400 வருஷப் பழைய கிரேக்கக் கப்பலைப் படம் பிடிச்சாங்க, 2018ல் அறிவிச்சாங்க. பூம்புகார்லயும் 2025 செப்டம்பர்ல மாநிலத் தொல்லியல் துறை புது ஆய்வைத் தொடங்கியிருக்கு.

இப்போ அந்த 15,000. கடைசிப் பனியுகம் முடிஞ்ச பிறகு கடல் மட்டம் ஏறினது நிஜம். "இவ்வளவு ஆழம்னா இவ்வளவு பழசு"ன்னு கணக்குப் போடறவங்க அதை வச்சுத்தான் போடறாங்க. ஆனா ஆழம் வேற, வயசு வேற. டெல்டா நிலம் தானாவே தாழும், கரை அரிக்கும். இங்க எத்தனையோ வீட்டுல தாத்தா பாட்டி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினவங்க. தனுஷ்கோடி அவங்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயல்ல ஒரே ராத்திரியில கடல் அடிச்சுட்டுப் போன ஊர். நாளைக்கு அங்க தண்ணிக்குள்ள ஒரு செங்கல் சுவர் சோனார்ல தெரிஞ்சா, அது சங்ககாலம் ஆயிடுமா?

பூம்புகார்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. அதே கடல்ல, 19 மீட்டர்ல, ஒரு கப்பல் கிடைச்சது. உள்ளே ஈயக்கட்டிகள். அதுல இங்கிலீஷ்ல ஒரு பேரும், 1791, 1792ன்னு வருஷமும் பொறிச்சிருந்தது. எழுத்து இருந்ததால காலம் தெரிஞ்சது. இல்லன்னா அதையும் சோழர் கப்பல்னு யாராவது போஸ்டர் போட்டிருப்பாங்க.

வயசு சொல்லணும்னா மரம், கரி, பானை ஓடு, செங்கல் மேல வந்து லேபுக்குப் போகணும். ரோபோ இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். இன்னொண்ணு, ரோபோவுக்கும் முன்னாடி அங்க மீனவர்கள் இருக்காங்க. இலங்கைத் தென்கரையில கொடவாயக் கப்பல், சுமார் 2,000 வருஷப் பழசு, இந்தியப் பெருங்கடல்லயே மிகப் பழையதாச் சொல்றது. அதை முதல்ல கண்டதும் அந்த ஊர் ஆளுங்கதான், அப்புறம்தான் கருவிங்க போச்சு. வலை எங்க சிக்குதுன்னு பூம்புகார் மீனவருக்குத் தெரிஞ்சது எந்த சோனாருக்கும் தெரியாது.

தோழர்களே, நான் பயப்படறது இதுக்குத்தான். ஒரு போலிப் படத்தை நாம பரப்பி, அது போலின்னு நிரூபணமானா, அடுத்த நாள் கீழையூர் படகுத்துறையையும் சேர்த்துக் கிண்டல் பண்ணுவாங்க. நிஜச் செங்கலுக்கும் மரியாதை போயிடும். அதனால இனிமே நம்ம பக்கத்துல எந்தக் கடலடிப் படம் போட்டாலும், யார் எடுத்தது, எந்த வருஷம், எத்தனை மீட்டர்னு மூணும் இருக்கணும். இல்லாத படத்தை நான் அப்ரூவ் பண்ண மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

சோனார் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷ வீடியோ தயார் பண்றோம். அந்த நாடுகாணி பனி சீனை நம்ம ரோட்லயே எடுத்துடலாம். குரல் கொடுக்க ஒருத்தர், எடிட்டிங்குக்கு ஒருத்தர் வேணும். டீ குடிச்சுட்டு வந்து பேர் கொடுங்க.