சக்தி என்றொரு நால்வர் குழு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ எஞ்சினியர், ஏதாவது தொழில்நுட்பமாப் பேசுப்பா" என்றார். ஜாஸ் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு ஜாஸ் எதுக்குப்பா?" என்று கேட்டார்.

காரணம் இருக்கிறது. நம் மாணவர் இசைக் குழுத் தம்பிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஃப்யூஷன் வாசிக்க டிரம் செட், கீபோர்டு, பேஸ் கிடார் மூன்றும் வாங்கித் தர வேண்டும் என்று. முடிவெடுப்பது செயற்குழுவின் வேலை, நான் அதில் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு குழுவின் கதையைக் கேட்டுவிடுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

ஜான் மெக்லாக்லின் என்று ஓர் ஆங்கிலேய கிடார் கலைஞர். 1942-இல் யார்க்ஷயரில் பிறந்தவர். 1969-இல் அமெரிக்கா போய், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971-இல் சொந்தக் குழு ஆரம்பித்தார். பெயர் என்ன தெரியுமா? மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா! அவருடைய குரு ஸ்ரீ சின்மாய் வைத்த பெயர் அது. மகாவிஷ்ணு என்று சொன்னால் ஸ்ரீரங்கத்துக்காரன் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அந்த இசை நம் பெருமாளைத் தூங்க விடாது. மின்சார கிடார், இடி மாதிரி டிரம்ஸ், மேடை நிறைய ஒலிபெருக்கி. உலகம் முழுக்கப் புகழ், நல்ல வருமானம்.

அந்தப் புகழின் உச்சியில் இருந்தபோதே மனுஷர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் போய், நம்ம டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். வயலின் எல். சங்கரின் பழக்கமும் அங்கேதான். பம்பாயிலிருந்து அமெரிக்கா போயிருந்த தபலா ஜாகிர் உசேன், சென்னையிலிருந்து கடம் டி.எச். விநாயக்ராம். விக்கு விநாயக்ராம் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1966-இல் எம்.எஸ். அம்மா ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர். இந்த நால்வரும் சேர்ந்த குழுவுக்கு 'சக்தி' என்று பெயர்.

முதல் இசைத்தட்டு எங்கே பதிவானது தெரியுமா? ஸ்டுடியோவில் இல்லை. 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. நம்மைப் போல ஒரு கல்லூரிதான்! அன்று ராம்நாட் ராகவன் மிருதங்கமும் உண்டு. பிறகு வந்த இரண்டு தட்டுகளிலும் நால்வர் மட்டும்தான். நால்வரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். டிரம் செட் இல்லை, பேஸ் இல்லை, கீபோர்டு இல்லை. தம்பிகள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எஞ்சினியர் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம் வரும். சாதாரண கிடாரில் விரல் மரத்தில் போய் முட்டும், அவ்வளவு தாராளமாய் இழுக்க வராது. மெக்லாக்லின் என்ன செய்தார்? மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே உள்ள மரத்தைக் கிண்ணம் மாதிரி குடைந்த கிடார் ஒன்றைச் செய்யச் சொன்னார். கிப்ஸன் கம்பெனிக்காக ஆபிரகாம் வெக்டர் என்பவர் செய்தார். ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக இன்னும் ஏழு தந்திகள், ஸ்ருதிக்காக. மேற்கத்திய வாத்தியத்தில் நம் ராகத்தைத் திணிக்காமல், ராகம் என்ன கேட்கிறதோ அதற்கேற்ப வாத்தியத்தையே மாற்றிவிட்டார். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். கடத்தில் அதுவும் நடக்காது. சுட்ட மண், ஸ்ருதிக்கு ஒரு பானை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாளத்துக்கு வருவோம். வடக்கே 'திஹாய்' என்பார்கள், ஒரு சொல்லை மூன்று முறை சொல்லி முடிப்பது. எல்லோரும் கை தட்டுங்கள் பார்க்கலாம். பதினாறு மாத்திரை. 'த-தி-கி-ண-தொம்', ஐந்து. ஒன்று இடைவெளி. மறுபடி ஐந்து, மறுபடி ஒரு இடைவெளி, மறுபடி ஐந்து. கூட்டிப் பாருங்கள், பதினேழு. கடைசித் 'தொம்' அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் போய் விழுந்துவிட்டது! நம்மிடமும் கோர்வை மூன்று முறைதான். ஆனால் பெரும்பாலும் கோர்வை முடிந்த பிறகு வரும் அடிதான் எடுப்பில் விழும். ஒரே ஒரு மாத்திரை வித்தியாசம். அதைச் சரிக்கட்டத் தெரியாவிட்டால் தபலாவும் கடமும் மேடையில் முட்டிக்கொள்ளும். ஜாகிரும் விக்குவும் முட்டிக்கொள்ளவில்லை. கொன்னக்கோல் அவர்களுக்குப் பொது பாஷை ஆகிவிட்டது.

ஜாஸிலும் இதற்கு உறவு இருக்கிறது. ஒருவர் நாலு அளவு வாசிக்க, அடுத்தவர் நாலு அளவில் பதில் சொல்வார். நம் தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்பைக் கேட்டவர்களுக்கு இது புதிதே இல்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. லய வேலைக்குப் பேர் போன ஆலத்தூர் சகோதரர்கள் நம் திருச்சி ஜில்லாக்காரர்கள். நிஜத்தில் அவர்கள் சகோதரர்களே இல்லை. ஒரே குருவிடம் படித்து, வருஷக் கணக்கில் சேர்ந்து பாடி அந்தப் பெயர் வாங்கினவர்கள். லால்குடி பக்கம் பூவாளூரில் பிறந்த திருச்சி சங்கரன், 1971-இல் கனடா யார்க் பல்கலைக்கழகம் போய் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அந்தக் கஞ்சிரா சக்தியில் எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன்.

'சக்தி' 1978 வாக்கில் கலைந்தது. மகாவிஷ்ணு அளவுக்குத் தட்டுகள் விற்கவில்லை. 1997-இல் மெக்லாக்லின், ஜாகிர், விநாயக்ராம் மூவரும் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவோடு 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கிளம்பினார்கள். பிறகு அப்பா இடத்தில் பிள்ளை வந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், கையில் கஞ்சிரா. கூடவே மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மறுபடியும் நால்வர். அப்புறம் சங்கர் மகாதேவன் பாட வந்தார்.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் போய்விட்டார். வயது 45. இரண்டு பக்கமும் தந்தி வாத்தியம் பேசிக்கொள்வதுதான் அந்தக் குழுவின் உயிர். ஒரு பக்கம் மௌனமாகிவிட்டால் என்ன செய்வது? அவசரப்பட்டு வேறொரு மாண்டலினைத் தேடி உட்கார வைக்கவில்லை. 2020-க்குப் பிறகு மீண்டும் சேர்ந்தபோது வயலினோடு வந்தவர் கணேஷ் ராஜகோபாலன், நம் கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர். 2023-இல் 'திஸ் மொமென்ட்' வெளிவந்தது, 2024 பிப்ரவரியில் கிராமி விருது. அதே வருஷம் டிசம்பர் 15-இல் ஜாகிர் உசேன் காலமானார்.

ஏறத்தாழ ஐம்பது வருஷம் இரண்டு பேர், மெக்லாக்லினும் ஜாகிரும், ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கச்சேரி வீடியோ இருந்தால் பாருங்கள். மெக்லாக்லின் கண் தன் கிடார் மேல் அதிகம் இருக்காது, அடுத்தவர் முகத்தில்தான் இருக்கும்.

அதனால் செயற்குழுவுக்கு என் யோசனை. டிரம் செட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூட்டாத ஓர் அறை, நல்ல ஜமக்காளம், ஸ்ருதிப் பெட்டி, ஒரு வருஷத்துக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார். வாத்தியார் சம்பளத்தில் என் பங்கை இன்றைக்கே தந்துவிடுகிறேன். (கைதட்டல்.) கிடார் வாசிக்கும் தம்பி முகம் வாடிப் போச்சு, தெரிகிறது. கோபிக்காதே தம்பி, உன் கிடாரும் அந்த ஜமக்காளத்தில்தான் உட்காரப் போகிறது.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கிறது. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' தட்டின் முதல் உருப்படியைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பமே வாத்தியம் இல்லை, வாயால் சொல்லும் கொன்னக்கோல். பின்வரிசைத் தம்பிகள் கை தட்டித் தாளம் போடலாம், தடையில்லை. ஆடியோ அண்ணன், போடுங்க.