நீர்க்கடுப்பு என்று சும்மா விடாதீர்கள்
(பதுளையில் நடந்த மாதர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுவதில்லை. கூச்சத்தால் மறைத்து வைக்கும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுக்கும்வரை மலையில் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம், வந்ததையும் அடக்குகிறோம். பெண்களுக்குச் சிறுநீர் வரும் குழாய் குட்டை. கிருமி சுலபமாக ஏறிவிடும். நீர் தாராளமாகப் போனால் கிருமியும் கழுவிப்போகும். அடக்கினால் உள்ளே பெருகும்.

இது புற்றுநோயாகுமா என்று கேட்கிறீர்கள். வந்து, மருந்துக்குக் குணமாகும் நீர்க்கடுப்புக்கு அப்படிப் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீர்ப்பை வருடக்கணக்கில் புண்ணாகவே கிடந்தால் ஆபத்து உண்டு. எகிப்தில் நைல் வாய்க்கால்களில் இறங்கி உழைத்த விவசாயிகளுக்கு, தண்ணீரிலிருந்த ஒரு புழு தோல் வழியாக ஏறியது. அதன் முட்டைகள் சிறுநீர்ப்பையில் தங்கிப் புண்ணாக்கின. பலருக்குப் புற்றுநோய் வந்தது. அந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994இல் அறிவித்தது. நம் ஆறுகளில் அந்தப் புழு இல்லை. ஆனால் நாட்பட்ட கல்லும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு நெடுங்காலம் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாயும் அதேபோலப் புண்ணாக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் புகை. பீடி, சுருட்டு, சிகரெட் பிடிக்கும் அண்ணன்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூத்திரத்தில் ரத்தம் போவது, எரிச்சல், அடிக்கடி போகவேண்டி வருவது எல்லாம் இரண்டு நோய்க்குமே வரும். பெண் என்றால் கடுப்பு என்றே நினைத்து, அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்குகிறோம். இப்படி நாள் கடந்து, புற்றுநோய் முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் உலகெங்கும் உண்டு.

அதனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். வலியில்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் போய் நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை முடிந்தும் ரத்தமோ கடுப்போ மாறாவிட்டால், தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் கடிதம் வாங்கிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மூத்திரத்தைச் சோதித்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா, கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடிய நோய் இது.

தலைவர்மாரே, ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைப்பேர் போய்விடுமே என்றுதான் நம் பெண்கள் நோயை மறைக்கிறார்கள். ஒவ்வொரு மலைக்கும் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும். கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இவையும் எழுதப்பட வேண்டும். மூத்திரத்துக்குப் போய்வரும் ஐந்து நிமிடத்தைக் கேட்பதில் நமக்கு என்ன வெட்கம்?