சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும்



சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். மளிகைக் கடைக்காரர்கள் தம் பற்று வரவுக் கணக்கைக் கைப்பேசியிலேயே எழுதிக்கொள்வதற்கான மென்பொருள் ஒன்றை அவர் ஆக்கியிருந்தார். இரண்டு கூட்டாளிகளுடன் தொடங்கிய புத்தொழில். பதிவு செய்துகொண்ட கடைகளின் மொத்தத் தொகையை வரைபடமாக்கி என்முன் விரித்தார். "ஐயா, இந்தக் கோடு ஒரு நாளும் இறங்கியதில்லை" என்றார்.

"தம்பி, நீர் காட்டுவது சேர்க்கைப் பதிவேடு. வருகைப் பதிவேடு எங்கே?" என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை.

சேர்க்கைப் பதிவேட்டின் வரிசை எண் ஏறுமேயன்றி இறங்காது. பள்ளியை விட்டு நின்றவன் பெயரும் அதில் இருக்கும். ஏறுவதற்கு மட்டுமே அறிந்த எண் நம்மை எச்சரிக்க அறியாது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் முதலில் மயங்குவது இத்தகைய எண்ணிடத்தில்தான்.

அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.எம்.வி.யு. என்னும் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதை நிறுவியோருள் ஒருவரான எரிக் ரீஸ், 2011-இல் வெளியிட்ட 'தி லீன் ஸ்டார்ட்டப்' என்னும் நூலில் அதனை விவரித்துள்ளார். நாளொன்றுக்கு 5 டாலர் விளம்பரத்திற்குச் செலவிட்டனர்; அதனால் ஏறத்தாழ 100 பேர் நாள்தோறும் வந்தனர். மென்பொருளையும் ஓயாது திருத்தினர். மொத்த எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் வந்தவர்களைச் சேர்ந்த மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பணம் செலுத்துவோர் எந்த மாதத்திலும் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே நின்றனர். அத்தனை உழைப்பும் பொருளை மேம்படுத்தவில்லை. வெறும் மொத்தத் தொகைகளை அவர் வீண்பெருமை அளவைகள் என வகைப்படுத்தினார்.

அப்படியாயின் எதனை அளப்பது? முதலாவது, பொருளின் இயல்புக்கேற்ற பயன்பாட்டை அளக்க வேண்டும். உரையாடல் மென்பொருளை மக்கள் நாள்தோறும் திறப்பர். வரிக்கணக்கு மென்பொருளை மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ திறப்பர். பின்னதற்கு நாள்வாரி வருகையை எண்ணுவது, ஞாயிற்றுக்கிழமையில் பள்ளி வருகையை எண்ணுவதை ஒக்கும்.

இரண்டாவது, அந்த எண் மாறினால் நாளை நாம் செய்யும் செயல் மாறுமா என்று வினவ வேண்டும். மாறாதெனின் அந்த எண்ணை விட்டுவிடலாம்.

மூன்றாவது, கையிருப்பு. கையில் 12 லட்சம் ரூபாய். மாதச் செலவு 2 லட்சம். வரவு 50,000 என்று கொள்வோம். மாதந்தோறும் குறைவது ஒன்றரை லட்சம். ஆகவே எஞ்சியிருப்பது 8 மாதம். இந்த எட்டு என்னும் எண்ணை அறியாதவர் மற்ற எண்களை அறிந்தும் பயனில்லை.

தொடக்கக் காலத்தில் வாடிக்கையாளர் இருபது பேரே இருப்பின் விழுக்காடு கணக்கிடுவதும் ஏமாற்றும். ஒருவர் விலகினாலே ஐந்து விழுக்காடு சரிந்துவிடும். அந்நிலையில் விலகியவரை நேரில் கண்டு காரணம் கேட்பதே சிறந்த அளவை.

இவ்வளவும் அறிந்து தேர்ந்த எண்ணும் தீங்கு செய்யக்கூடும். ஓர் அளவையைப் பிடித்துக்கொண்டு ஆள முற்பட்டால் அந்த அளவை தன் உண்மையை இழக்கும் என்னும் கருத்தை, ஆங்கிலப் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ஆம் ஆண்டில் நாணயக் கொள்கை பற்றிக் கூறினார். நான் அதனை நூலில் கற்கவில்லை. என் பிழையால் கற்றேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடே எங்கள் பெருமைக்கு அளவுகோல். ஓர் ஆண்டு நூற்றுக்கு நூறு காண விரும்பி, பின்தங்கிய நான்கு மாணவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தினேன். மறு ஆண்டு நூறு வந்தது. பாராட்டும் வந்தது. அந்நால்வரில் இருவர் பிறகு பள்ளிக்கே வரவில்லை. அவ்விருவரும் எந்த விழுக்காட்டிலும் இடம்பெறவில்லை. தேர்ச்சிக் கணக்கின் அருகே, நின்றுபோனவர் கணக்கையும் நான் எழுதி வைத்திருந்தால் என் கை தயங்கியிருக்கும். ஆகவே, ஓர் அளவையைத் தேர்ந்தால் அதனால் யாருக்குத் தீங்கு நேரும் என்பதைக் காட்டும் மற்றோர் அளவையையும் உடன் வைத்தல் வேண்டும்.

இதனையும் அம்மாணவரிடம் சொன்னேன். அவர் ஊர் திரும்பி, விலகிய கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கண்டார். மாலை வேளைக் கூட்டத்தில் கைப்பேசியில் எழுத நேரமில்லை. நோட்டுப் புத்தகமே விரைவானது என்று பலரும் கூறினராம். இப்பொழுது அவர் இரண்டு எண்களையே முதன்மையாகக் குறித்து வருகிறார்: சென்ற வாரமும் இந்த வாரமும் கணக்கு எழுதிய கடைகள் எத்தனை, நோட்டுக்குத் திரும்பிய கடைகள் எத்தனை. முதலாவது எண், பழைய வரைபடத்தின் எண்ணைக் காட்டிலும் மிகச் சிறியது. ஆயினும் அண்மையில் எழுதிய கடிதத்தில் அதனைத்தான் முதல் வரியில் எழுதியிருந்தார்.