151-ஆ, 152-ஆ?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கத்திவாக்கத்துக்காரர், ஜாவா பற்றிப் பேசுவார்" என்று அறிவித்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஜாவா முழுவதையும் சொல்ல முடியுமா? இரண்டே இரண்டு பைட்கோடு கட்டளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்க ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்பு பேரிங்கின் சூட்டைக் கவனிக்கும் புரோகிராம் எழுதினேன். சென்சார்கள் தரும் அளவுகளின் சராசரி 80 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி ஆபரேட்டர் அண்ணன் போன் பண்ணினார்: "தம்பி, பேரிங்ல கை வைக்க முடியல, கொதிக்குது. உன் பெட்டி கம்முனு இருக்கு!" அவர் தொட்டுப் பார்த்திருக்காவிட்டால்? இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கேபிள் அறுந்து ஒரு அளவும் வரவில்லை. கூட்டுத்தொகை 0.0, எண்ணிக்கை 0. ஜாவாவில் முழு எண்ணை 0-ஆல் வகுத்தால் பிழை என்று நிற்கும். தசம எண் நிற்காது, 0.0-ஐ 0-ஆல் வகுத்தால் 'நேன்' என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். 'இது எண்ணே இல்லை' என்று பொருள். 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 விதிப்படி அது எதைவிடவும் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. தனக்குத் தானேகூடச் சமம் இல்லை!

ஜாவா எந்திரம் அடுக்கை வைத்து வேலை செய்வது. நம்ம மெஸ் தட்டு அடுக்கு மாதிரி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும். சாதாரண முழு எண் என்றால் ஒப்பிட்டுத் தாவுவது ஒரே கட்டளை. தசம எண்ணுக்கு இரண்டு. முதல் கட்டளை மேலே உள்ள இரு எண்களை எடுத்துவிட்டு 1, 0, -1 இவற்றில் ஒன்றை வைக்கும். அடுத்தது அதைப் பார்த்துத் தாவும். சரி, நேன் வந்தால் எதை வைப்பது? அதற்காகவே இரட்டைப் பிள்ளைகள். 151-ஆம் கட்டளை டிசிஎம்பிஎல், -1 வைக்கும். 152, டிசிஎம்பிஜி, 1 வைக்கும். மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது.

நான் எழுதியது 'சராசரி > 80 என்றால் மணி'. கம்பைலர் 151-ஐப் போட்டது. நேனுக்கு -1. 'பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் மணியைத் தாண்டிப் போ' என்பது அடுத்த கட்டளை. போய்விட்டது. கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. பெரிதா என்று கேட்டால் இல்லைதானே!

'சராசரி <= 80 என்பது உண்மை இல்லையானால் மணி' என்று மாற்றினேன். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பைட்கோடைப் பிரித்துப் பார்த்தால், தாவும் கட்டளை அப்படியே இருக்க, டிசிஎம்பிஎல் போய் டிசிஎம்பிஜி வந்திருந்தது. கேபிளைக் கழற்றினோம், மணி அடித்தது. "இப்ப சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மறுபடியும் பேரிங்கைத் தொட்டுப் பார்க்கப் போனார்.