சுடர் குன்றிய அடுப்பு



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்திலே, கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரில் ஸ்காபரோப் பகுதியில் வாழும் என் மகள் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கோடை வந்துவிட்டால் அங்குள்ளோர் பின்வளவிலே ஓர் இரும்பு அடுப்பை வைத்து இறைச்சி வாட்டுவார்கள். புறோப்பேன் வாயுவினால் எரியும் அவ்வடுப்பைக் 'கிறில்' என்பர். நான் கலைப் பட்டதாரி. வாயுவைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை உண்டென்று என் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் வினவக்கூடும். ஆயினும் அன்று நிகழ்ந்த தவறிலே எனக்கும் பங்குண்டு; ஆதலாற் பேசுகிறேன்.

அன்று சனிக்கிழமை. இருபது பேருக்கு மேல் விருந்தினர். அவர்களிற் பாதிப்பேர் குழந்தைகள். அடுப்பு பற்றியது, ஆனாற் சுடர் விரல் நகத்தளவுக்கு மேல் எழவில்லை. மூடியிலுள்ள வெப்பமானி வழக்கமாகக் கால் மணி நேரத்தில் 500 பாகை பரனைற்றைத் தொடும். அன்றோ 250ஐத் தாண்ட மறுத்தது. கோழித் துண்டுகள் வெளியே வெளிறியும் உள்ளே பச்சையாகவும் கிடந்தன. அரைவேக்காட்டுக் கோழியைக் குழந்தைகளுக்கு எவ்வாறு கொடுப்பது?

மருமகனுக்குச் சினம் மூண்டது. “மாமா, இது போன கிழமை மாத்தின சிலிண்டர். அரைவாசிதான் நிரப்பித் தந்திருக்கிறாங்கள். கொண்டுபோய்க் கேக்கப்போறன்,” என்றார்.

“தம்பி, கேக்கமுந்தி ஒருக்கா நிறுத்துப் பாரும்,” என்றேன்.

அத்தகைய சிலிண்டர் வெறுமையாயின் ஏறத்தாழ 17 இறாத்தல் நிறையுடையது. எத்துணை என்பது அதன் கழுத்து வளையத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். குளியலறைத் தராசு 33 இறாத்தல் காட்டியது. கடைக்காரர் மேற் பழியில்லை.

அடுப்போடு வந்த கைந்நூல் உறை பிரிக்கப்படாமல் அலமாரியிற் கிடந்தது. வினாத்தாளின் மேலுள்ள அறிவுறுத்தல்களை முதலில் வாசியுங்கள் என்று மாணவர்க்கு ஓயாது உரைத்து வந்தவன் நான். அந்த உறையைப் பிரித்தவனும் நானே. உள்ளே, நாங்கள் கண்ட அறிகுறி அப்படியே எழுதப்பட்டிருந்தது.

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரெகுலேற்றர்ப் பகுதியிலே ஒரு காவற்பொறி உண்டு. குழாய் அறுந்து வாயு பெருக்கெடுத்தால், அப்பொறி வழியை அடைத்து மிகச் சிறு கசிவளவே செல்லவிடும். ஆனால் குழாய் அறுந்ததா, யாரேனும் வால்வை விரைந்து திறந்தாரா என்று பகுத்தறிய அதற்கு அறிவில்லை. அடுப்பின் குமிழ்கள் திறந்திருக்கும்போது சிலிண்டரின் வால்வைத் திறந்தால், வெற்றுக் குழாய்க்குள் வாயு பாய்கின்றது. பொறியும் விபத்தென்றே எண்ணிக் கொள்கின்றது.

இவ்விடத்தில் எனக்கு முதல்நாள் இரவு நினைவுக்கு வந்தது. சமையல் முடிந்ததும், நம்மூர் அடுப்படிப் பழக்கத்தினாலே, சிலிண்டரை மட்டும் பத்திரமாக மூடிவிட்டுக் குமிழ்களைத் தொடாது படுக்கச் சென்றவன் நானேதான். மறுநாள் மருமகன் அவற்றைக் கவனியாது சிலிண்டரைத் திறந்திருக்கிறார். மூடி கவிழ்ந்திருந்த வேளையிற் காவற்பொறி தடுத்திராவிடின் உள்ளே வாயு விரைந்து நிறைந்திருக்கும். தீப்பொறி பட்டதும் அது முகத்திலே வீசியிருக்கும். அருகில் என் பேத்தி நின்றாள்.

மூடியைத் திறந்து வைத்தோம். குமிழ்களையும் சிலிண்டரையும் அடைத்தோம். இணைப்பைக் கழற்றி, தீயேதும் அருகிலில்லாதபடி பார்த்து, குமிழ்களை ஒரு நிமிடம் திறந்துவிட்டு மீண்டும் மூடினோம். இணைப்பைக் கையினால் இறுக்கி, சிலிண்டரின் வால்வை மெல்ல மெல்லத் திறந்து சற்றே பொறுத்தோம். சவர்க்கார நீரை மூட்டுவாய்களிலே தடவியபோது குமிழி எழவில்லை. பின்னர் பற்றவைத்தோம், சுடர் உயர்ந்தது.

வேறு காரணங்களும் உண்டு. காற்றும் வாயுவும் கலக்கும் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டிவிடும். அப்போது சுடர் நீலமாக இராது, மஞ்சளாகிச் சோம்பும். சில சமயம் குழலின் வாயிலேயே தீ திரும்பி எரிவதும் உண்டு. குளிர்காலத்தில் வருவதோ வேறு வகை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்தே வாயுவாகின்றது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த உலோகத்திலிருந்து கவர்வதால், நெடுநேரம் எரியும் சிலிண்டரின் புறத்தே உறைபனி படியும், சுடரும் தாழும். அந்நிலையிற் சிலிண்டரை நெருப்பினாற் சூடாக்க முயல்வது உயிருக்கு உலை வைப்பதாகும்.

புறோப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை சதமளவிலேயே கொதிக்கும். பியூட்டேனோ ஏறத்தாழப் பூச்சியத்திலேதான் கொதிக்கும். கனடாவின் பனியிலே புறோப்பேனே பயன்படுவதன் காரணம் இதுவே. நம் நாட்டு வீட்டுச் சிலிண்டர்களிலே இவ்விரண்டும் கலந்துள்ளன. பியூட்டேனின் பங்கு பெரிது. புறோப்பேன் முந்தி ஆவியாகிவிடுவதால், நுவரெலியாவின் தை மாத விடியற்காலையிலே, தீரப்போகும் சிலிண்டர் மந்தமாக எரியின் வியப்பில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நம் அடுப்படிகளில் நிகழ்ந்த வெடிப்புக்களையும், இக்கலவையின் விகிதம் பற்றி நாடெங்கும் எழுந்த வாதங்களையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்வாயுக்களுக்கு இயல்பாக மணமில்லை. நாம் நுகரும் நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே நியூ லண்டன் என்னும் ஊர்ப் பாடசாலையின் கீழ்த்தளத்தில் இயற்கை வாயு மணமின்றிக் கசிந்து சேர்ந்திருந்தது. 1937 மார்ச் 18ஆம் நாள் அது வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அதன்பின்னரே அம்மாநிலத்தில் வாயுவுக்கு நாற்றமூட்டுதல் சட்டமாயிற்று. ஒரு பாடசாலை அதிபனாகிய நான் இச்செய்தியை வாசித்த நாள் முதல், எங்கள் மனையியல் அறையைக் கடக்குந்தோறும் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ஆசிரியைகள் இதனைக் கறியின் மணத்துக்காக என்று கருதுகிறார்கள்.

அன்று கோழி மேசைக்கு வர மாலை மூன்று மணியாயிற்று. குமிழ்களைத் திறந்து விட்டவர் யாரென்று மருமகன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இவ்வொலிபரப்பு இப்போது ஸ்காபரோவிலும் கேட்கும் என்கிறார்கள். தம்பி, கேட்டுக்கொண்டிருந்தால், அது நான்தான்.